2147483647 என்ற பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முதல் வருடத்தில் நான் எழுதிய ஒரு சி நிரலில், ஏறிக்கொண்டே போன கூட்டுத்தொகை திடீரென்று மைனஸில் போய் நின்றது. எங்கே தப்பு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்தில் இருந்த சீனியர் அக்கா பலகையில் ஓர் எண்ணை எழுதிக் காட்டினார்: 2147483647. "இதுக்கு மேல இன்ட்ல இடம் கிடையாதுப்பா" என்றார். இன்ட் என்பது சி மொழியில் முழு எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி. அது ஒரு பகா எண் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. தெரிந்த நாளிலிருந்து அந்த எண் மீது தனிப் பிரியம். நண்பர்களும், மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். பெருக்கல், வகுத்தல், அடுக்கு தெரிந்தால் போதும், எல்லாமே புரியும்.

இதை எப்படிப் படிப்பது? எவ்வளவு பெரியது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. முப்பத்தொரு 2-களைப் பெருக்கி, அதில் 1 குறைத்தால் இது கிடைக்கும். அதாவது 2³¹ − 1. இரும எண்ணாக எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்ஜியம்கூட வராது.

2, 3, 5, 7 என்று பகா எண்களை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தால் இது 10,50,97,565-ஆவது பகா எண். 2-இன் ஏதோ ஓர் அடுக்கைவிட ஒன்று குறைவாக இருக்கும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்கிறோம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த மாரன் மெர்சென் என்ற துறவியின் பெயர் அது. 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்று போகும் அந்த வரிசையில் எட்டாவது ஆள் நம்முடையவர்.

இது பகா எண் என்று முதலில் சொன்னது யார்?

சொன்னவர் ஒருவர், நிரூபித்தவர் இன்னொருவர். இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கணிதர் பியெத்ரோ கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 2-இன் அடுக்கு 23, 29, 31, 37 ஆகிய நான்குக்கும் பகா எண் வரும் என்று எழுதினார். நான்கில் மூன்று தப்பு, 31 மட்டும் சரி. 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா உடைத்துக் காட்டினார். 29-ஐ 1738-இல் ஆய்லர் உடைத்தார். 1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது, ஆனால் நிரூபணம் இல்லை.

நிரூபணம் 1772-இல் வந்தது. லியோனார்ட் ஆய்லருக்கு அப்போது 65 வயது ஆகியிருந்தது, வாசம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். முந்தைய ஆண்டு நடந்த கண் அறுவைக்குப் பிறகு பார்வை அநேகமாக முழுவதும் போய்விட்டது. இவர் சொல்லச் சொல்ல உடனிருந்தவர்கள் எழுதிய காலம் அது. அந்த நிலையில்தான் பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தில் 2³¹ − 1 பகா எண் என்று உறுதியாகத் தெரிவித்தார். ஒவ்வொரு முறை இதைச் சொல்லும்போதும் எனக்கு ஒரு கணம் பேச்சு நின்றுவிடும்.

நூற்றுக்கணக்கான கோடி அளவுள்ள எண்ணைக் கையால் எப்படிச் சோதிக்க முடியும்?

சாதாரண வழியில் போனாலே கொஞ்சம் குறையும். ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகா வகுத்தி கட்டாயம் இருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டி 46341-ஐத் தொடாமல் நிற்கிறது. அதுவரைக்கும் சுமார் 4800 பகா எண்கள் உண்டு. 4800 வகுத்தல் என்றால் ஒரு மனிதர் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை.

ஆய்லர் அவ்வளவையும் போடவில்லை. இந்த எண்ணுக்கு வகுத்தி என்று ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63-தான் வர முடியும் என்று கண்டார். அப்படிப் பார்த்தால் 46340-க்குள் தேறுவது 370 சொச்சம் எண்கள். அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும், ஏறக்குறைய எண்பதுதான் மிஞ்சும்.

பட்டியலின் தொடக்கத்தைப் பார்த்தாலே சல்லடை எவ்வளவு நெருக்கமானது என்று தெரியும். மீதி 63 வரிசையில் 63, 311, 559, 807, 1055, 1303. மீதி 1 வரிசையில் 249, 497, 745, 993, 1241, 1489. இந்தப் பன்னிரண்டில் 311, 1303, 1489 மூன்றுதான் பகா எண்கள். 1500 வரைக்கும் மொத்தமே மூன்று வகுத்தல்! 3, 5, 7, 11, 13 என்று நாம் வழக்கமாகத் தொடங்கும் எதையும் தொடவே வேண்டாம்.

அந்த 248 எங்கிருந்து வருகிறது?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன எண்ணில் பார்ப்போம். 2¹¹ − 1 = 2047. இதை 23 மீதியின்றி வகுக்கும். இப்போது 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து 23-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடியில் 1 வந்துவிட்டது. அப்புறம் மறுபடியும் 2, 4, 8 என்று அதே சுற்றுதான். சுற்றின் நீளம் 11.

ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்று ஒன்று உண்டு. 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால் மீதி 1 வரும். 23-க்கு அது 22-ஆவது அடுக்கு. 22-ஆவது அடியில் 1 வர வேண்டுமானால் 11 அடி கொண்ட சுற்று அதற்குள் முழுதாக அடங்க வேண்டும். அடங்குகிறது, சரியாக இரண்டு சுற்று.

இதையே 31-க்குக் கொண்டுவருவோம். ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 31-ஆவது அடியில் மீதி 1. சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 நடக்காது, ஏனென்றால் 2-ஐ வகுத்து மீதி 1 வர வழியில்லை. ஆகவே சுற்று 31 அடி. அந்த வகுத்தியில் ஒன்றைக் குறைத்தால் வருவது 31-இன் மடங்காக இருந்தாக வேண்டும். வகுத்தி ஒற்றைப்படை, அதனால் ஒன்று குறைத்தால் இரட்டைப்படை. ஆக 62-இன் மடங்கோடு 1. இதுவரை ஃபெர்மாவின் சல்லடை.

இரண்டாவது சல்லடை இன்னும் அழகு. 31-ஆவது அடியில் மீதி 1 என்றால் 32-ஆவது அடியில் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது, அந்த வகுத்தியால் வகுத்தால் மீதி 2 வரும்படி ஒரு வர்க்க எண் இருக்கிறது. எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படி அமையாது. 7-க்கு அமையும் (3-இன் வர்க்கம் 9, மீதி 2), 17-க்கு அமையும் (6-இன் வர்க்கம் 36, மீதி 2), 23-க்கு அமையும் (5-இன் வர்க்கம் 25, மீதி 2). 5-க்கும் 11-க்கும் 13-க்கும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டுமே இது நடக்கும்.

62 விதியையும் 8 விதியையும் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். 62-க்கும் 8-க்கும் பொது மடங்கு 248. அதில் இரண்டு விதிக்கும் ஒத்துப்போகும் மீதி 1-உம் 63-உம் மட்டுமே.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தானே?

இல்லை. மேலே பார்த்த 2047-ஏ சாட்சி: 23 × 89. நம் எண்ணுக்குப் பக்கத்து வீடான 2²⁹ − 1 = 536870911 கூட 233 × 1103 × 2089 என்று உடையும். மூன்றிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள், 58-இன் மடங்குதான் வரும். மறுபக்கம் உண்மை: அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை நிச்சயம் பகு எண்தான்.

ஆய்லரின் வழியைவிடச் சுருக்கமான சோதனை உண்டா?

உண்டு. பிரான்ஸின் எடுவார் லூக்கா 1870-களில் கண்டுபிடித்து, அமெரிக்காவின் லேமர் 1930-இல் செம்மைப்படுத்தியது. வகுத்தி தேடும் வேலையே அதில் கிடையாது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுங்கள், 2 குறையுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பின் மீதி பூஜ்ஜியமானால் பகா எண், இல்லாவிட்டால் பகு எண்.

2⁷ − 1 = 127-க்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து தடவை செய்ய வேண்டும்: 4, 14, 67, 42, 111, 0. கடைசிப் படியில் 111-இன் வர்க்கம் 12321, இரண்டு குறைத்தால் 12319, அது சரியாக 127 × 97. அந்தப் பூஜ்ஜியம் வந்து விழும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நம் எண்ணுக்கு 29 தடவை. பத்து இலக்க எண்களை வர்க்கப்படுத்த வேண்டியிருப்பதால் கையால் செய்ய ஒரு முழு நாள் பிடிக்கலாம், ஆனாலும் முடியும். இந்த வகைச் சோதனையால்தான் லூக்கா 1876-இல் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 உறுதிசெய்யப்பட்டதும் இதே சோதனையால்தான்.

கணினியில் இது உச்ச எண்ணாக இருப்பதற்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

சம்பந்தம் இல்லை. இன்ட்டுக்குக் கிடைப்பது பொதுவாக 32 பிட், அதாவது 32 இரும இலக்கம்; அதில் ஒரு பிட் மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டும் 1 ஆனால் வருவது இந்த எண். அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767 = 7 × 31 × 151, பகு எண். 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1 ஏழால் வகுபடும். இதில் எந்த ஒழுங்கையும் தேட வேண்டாம்.

ஆனால் உச்சம் என்ற முறையில் இது பலரைத் தொட்டிருக்கிறது. 2014 டிசம்பரில் யூடியூபில் கங்னம் ஸ்டைல் வீடியோவின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லைக்கு வந்ததால், எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியதாக அவர்கள் அறிவித்தார்கள். அடுத்தது 2038. யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டு வருகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளுக்கு 2147483647-ஆவது விநாடி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு வருகிறது. அடுத்த விநாடி, அந்தக் கருவியின் கணக்கில் 1901 டிசம்பர். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. எங்கோ சுவரில் பதித்து மறந்துபோன பழைய கருவிகள்தான் கவலை.

அப்படியானால் பகா எண்ணாக இருப்பதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு, போலிச் சமவாய்ப்பு எண்கள் (கணக்குப் போட்டே வந்தாலும் குலுக்கிப் போட்டதுபோல் தோன்றும் எண்கள்) உருவாக்குவதில். 1-இல் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடுங்கள்: 16807, 282475249, 1622650073, 984943658 என்று தாறுமாறாகப் போகும். 1-க்கும் 2147483646-க்கும் இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒரே ஒரு தடவை வந்த பிறகுதான் மறுபடி 1 வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதாலும், 16807 என்கிற 7⁵ பொருத்தமாக அமைந்ததாலும்தான் இந்த முழுச் சுற்று கிடைக்கிறது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தர அளவுகோலாக முன்வைத்தார்கள். சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

இன்னொரு வசதி, வகுப்பதற்கு வகுத்தலே தேவையில்லை. பள்ளியில் 9-ஆல் வகுத்த மீதி காண இலக்கங்களைக் கூட்டுவோமே, அதேபோல இங்கே 31 பிட் கொண்ட துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும். கணினிக்கு அது மிக மலிவான வேலை.

வங்கி மறைகுறியீட்டுக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அதற்கு ஆகும் பகா எண்கள் 300 இலக்கம், அதற்கும் மேல். இதுவோ பத்து இலக்கம், கைப்பேசியே கண்ணிமைக்கும் நேரத்தில் சோதித்துவிடும்.

இந்த எண்ணுக்கு வேறு என்ன குணங்கள்?

8-ஆல் வகுத்தால் மீதி 7. அதனால் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுதவே முடியாது. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களால் எழுதலாம் என்று 1770-இல் லக்ராஞ்ச் நிரூபித்தார், இதற்கு அந்த நான்கும் கட்டாயம் வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து தேடியதில் எனக்குக் கிடைத்தது: 46339² + 425² + 10² + 1². கூட்டிப் பாருங்கள். வேறு விதமாகவும் எழுத முடியும்.

பக்கத்தில் இருப்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு குறைத்தால் 5-ஆல் வகுபடும், இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும், ஆகவே இரட்டைப் பகா எண் இல்லை. ஆனால் அந்த 2147483649-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் 715827883 ஒரு பகா எண்! இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659.

நிறைவெண்ணோடு இதற்கு என்ன உறவு?

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறைவெண். 6 = 1 + 2 + 3, அடுத்தது 28. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். நம்முடையது தருவது 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128, எட்டாவது நிறைவெண்.

1811-இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ தன் எண் கோட்பாட்டு நூலில், இதுவே கண்டுபிடிக்கப்படக்கூடிய மிகப் பெரிய நிறைவெண்ணாக இருக்கும் என்று எழுதினார். இவை வெறும் வியப்புக்குரியவை, பயனில்லாதவை, அதனால் இதைத் தாண்டி யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் வாதம். அதற்கு 65 வருடம் கழித்து லூக்கா 2¹²⁷ − 1-ஐக் கொண்டுவந்தார். 1883-இல் ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷின் 2⁶¹ − 1-ஐ நிரூபித்தார். பயன் கருதித் தேடியவர்கள் அல்ல அவர்கள்.

2-இன் அடுக்கில் இந்த எண்ணையே வைத்து ஒன்று குறைத்தால் பகா எண் வருமா?

நல்ல ஆசைதான். 3-ஐ அடுக்கில் வைத்தால் 7, 7-ஐ வைத்தால் 127, 31-ஐ வைத்தால் நம் எண், 127-ஐ வைத்தால் லூக்காவின் எண். நான்கும் பகா எண்கள். அந்த ஒழுங்கு 8191-இல் அறுந்துவிடுகிறது. 2147483647-ஐ வைத்தால் வரும் எண்ணுக்கு 64,64,56,993 இலக்கங்கள், முழுதாக எழுதிப் பார்க்கக்கூட ஆகாது. ஆனாலும் அது பகு எண் என்று தெரியும், 1983-இல் அதற்கு ஒரு வகுத்தி கிடைத்துவிட்டது: 295257526626031. இதில் ஒன்றைக் கழித்து 4294967294-ஆல், அதாவது நம் எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்தால், மிச்சமில்லாமல் 68745 வரும். 23-க்கு 22 இருந்தது போலவே, ஃபெர்மாவின் அதே சல்லடை.

நானே ஒரு நோட்டில் சரிபார்க்க முடியுமா?

கட்டாயம் முடியும். பத்து இலக்க எண்ணை நீள வகுத்தல் செய்யக்கூட வேண்டாம். பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம், அதாவது மீதிகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, போதும்.

311-ஐ எடுப்போம். 2⁸ = 256, அது 311-க்கு 55 குறைவு, எனவே −55 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வர்க்கம் 3025, 311-ஆல் வகுத்தால் மீதி 226, அதாவது −85. இது 2¹⁶-க்கு. இரண்டையும் பெருக்கினால் 2²⁴-க்கு 4675, மீதி 10. இன்னும் ஏழு அடுக்கு பாக்கி, 2⁷ = 128. 10 × 128 = 1280, மீதி 36. ஒன்று குறைத்தால் 35. பூஜ்ஜியம் இல்லை, ஆக 311 வகுக்காது. நாலு வரியில் ஒரு வகுத்தல் முடிந்தது.

இதே மாதிரி 1303-க்கு மீதி 226, 1489-க்கு 199 வரும். நோட்டில் இடதுபக்கம் பகா எண், வலதுபக்கம் மீதி என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் சற்றுத் தள்ளி 2047 எட்டிப்பார்க்கும், அது 23 × 89 என்பதால் விட்டுவிடலாம். பட்டியலில் அடுத்து வரும் பகா எண் 2543. அதிலிருந்து நீங்கள் தொடங்குங்கள்.